செஞ்சியில் ஏன் எலும்பு கிடைக்காது?

செஞ்சின்னு சொன்னதும் நமக்கு ராஜகிரி ஞாபகம் வரும், தேசிங்கு ராஜா ஞாபகம் வரும், முழங்கால் வலியும் ஞாபகம் வரும். இன்னைக்கு அந்தக் கோட்டையைப் பற்றிப் பேசப் போறதில்லை. கோட்டைக்குக் கீழே இருக்கிற கல்லைப் பற்றியும், அந்தக் கல்லில் இல்லாத ஒன்றைப் பற்றியும் பேசலாம். எலும்பு. கல்லாகிப் போன விலங்கு எலும்பு. அதைத் தேடி எடுத்து, சுத்தம் பண்ணி, இது எந்த விலங்கோடதுன்னு கண்டுபிடிக்கிறதையே பொழுதுபோக்கா வச்சிருந்தவங்களோட வரலாறுதான் இந்த எபிசோட்.

முதல்ல ஏமாற்றத்தைச் சொல்லிடறேன். செஞ்சி மலைகளில் நீங்க ஆயுசு முழுக்கத் தேடினாலும் ஒரு புதைபடிவ எலும்புகூட கிடைக்காது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூணுமே பூமிக்கு அடியில் உருகி, மெதுவா ஆறி இறுகின பாறை. வயசு ஏறக்குறைய 250 கோடி ஆண்டு. பாலூட்டிகள்னு ஒரு இனம் பூமியில் தலைகாட்டினதே இருபது கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேலேதான் இருக்கும். அந்தக் கல் உருவானபோது எலும்புள்ள உயிர் எதுவுமே கிடையாது. இருந்திருந்தாலும் உருகின பாறைக்குள்ளே எலும்பு எங்கே தங்கும்? புதைபடிவம் உருவாக மணல் வேணும், சேறு வேணும். செத்ததைச் சீக்கிரமா மூடணும். செஞ்சி மலையில் மூடறதுக்கு ஒன்றுமில்லை.

ஆனா செஞ்சியிலிருந்து ஒரு ஆறு இறங்குது. செஞ்சி ஆறு, வராக நதி, சங்கராபரணின்னு ஊருக்கு ஊர் பேர் மாறும். வீடூர் அணையைத் தாண்டி, கொஞ்ச தூரத்தில் திருவக்கரை. அங்கேதான் கதை ஆரம்பிக்குது.

திருவக்கரைக்குப் போனவங்களுக்குத் தெரியும். சந்திரமௌலீஸ்வரர் கோயில், வக்ரகாளியம்மன் சன்னதி, பௌர்ணமிக் கூட்டம். பக்கத்திலேயே செம்மண் மேட்டில் பெரிய பெரிய மரங்கள் படுத்துக் கிடக்கும், கல்லா. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை பராமரிக்கிற தேசியக் கல்மரப் பூங்கா அது; மொத்தம் 247 ஏக்கர். மரங்களோட வயசு சுமார் 2 கோடி ஆண்டுன்னு கணக்கு. அந்தக் கற்கள் அசுரனோட எலும்புகள்னு ஊரில் ஒரு கதை உண்டு. வக்கிராசுரனைக் கடவுள் வதம் பண்ணினபோது சிதறின எலும்புதான் இப்படிக் கிடக்குதுன்னு சொல்வாங்க.

சிரிச்சுட்டுப் போயிடாதீங்க. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும். ஏன்னா புதைபடிவம் சேகரிக்கிற ஒருத்தர் முதல்ல கேட்கிற கேள்வியைத்தான் அந்தக் கதையும் கேட்டிருக்கு: இது சாதாரணக் கல் இல்லை, ஒரு காலத்தில் உயிரோட இருந்த ஏதோ ஒன்று, அது என்ன? கேள்வி சரி. பதில்தான் தப்பு. நீளமா, உருண்டையா, முனை உடைஞ்சு கிடக்கிற வெளிர்நிறத் துண்டைப் பார்த்தால் தொடை எலும்புன்னு யாருக்கும் தோணும்.

அப்போ மரமா எலும்பான்னு எப்படிச் சொல்றது? உடைஞ்ச முகத்தைப் பாருங்க. கல்மரத்தில் வெட்டுமுகம் முழுக்க ஒரே மாதிரி இழை ஓடும், வளையம் தெரியும், கணு இருக்கும். எலும்பில் அப்படி வராது. வெளியே ஒரு கெட்டியான ஓடு, உள்ளே கடற்பஞ்சு மாதிரிச் சின்னச் சின்னக் கண்ணறைகள், நீள எலும்பா இருந்தால் நடுவில் மஜ்ஜை இருந்த வெற்றிடம். நல்லி எலும்பைக் கடிச்சு உறிஞ்சினவங்க யாருக்கும் இதைத் தனியாப் பாடம் எடுக்க வேண்டாம். இன்னொரு பழைய வழியும் உண்டு: நாக்கு நுனியில் வச்சுப் பார்ப்பாங்க. நுண்துளை இருக்கிற பழைய எலும்பு லேசா ஒட்டும், கல் ஒட்டாது. வேலைக்கு ஆகும், ஆனா முழுக்கக் கல்லாகிப் போன எலும்பில் பலிக்காது. அதோட அந்தக் கல் எங்கெல்லாம் கிடந்ததுன்னு யோசிச்சுட்டு நாக்கை நீட்டுங்க.

1781-ல் பிரெஞ்சு இயற்கையியலாளர் பியேர் சொன்னரா இந்தக் கல்மரங்களைப் பதிவு பண்ணார். புதுச்சேரி பிரெஞ்சுக்காரங்க ஆண்ட ஊர். செஞ்சிக் கோட்டையே 1750 முதல் 1761 வரை அவங்க கையில் இருந்ததுதான். அதுக்கப்புறம் வந்த ஆங்கிலேயர்கள் இந்த ஊரை 'திரிவிக்கரி'ன்னு எழுதி, நூற்றாண்டு முழுக்க வந்து பார்த்து, துண்டு துண்டா எடுத்துட்டுப் போனாங்க.

சரி, மரம் கிடைச்ச இடத்தில் எலும்பு ஏன் இல்லை? அந்தக் காட்டில் விலங்கே இல்லாமலா இருந்திருக்கும்? இருந்திருக்கும். பிரச்சினை வேதியியலில் இருக்கு. இந்த மரங்கள் அங்கேயே வளர்ந்தவை இல்லை. வேரும் கிளையும் இலையும் இல்லாம, வெறும் அடிமரமாக் கிடக்குது. வெள்ளத்தில் உருண்டு வந்து மணலில் புதைஞ்சதோட அடையாளம் அது. அந்த மணலுக்குள்ளே ஊறின தண்ணீரில் சிலிக்கா கரைஞ்சிருந்தது. அது மரத்தோட ஒவ்வொரு செல்லுக்குள்ளேயும் போய் உட்கார்ந்து மரத்தைக் கல்லாக்கிடுச்சு. எலும்பு வேற சரக்கு, கால்சியம் பாஸ்பேட். மழை ஊறி ஊறி அமிலத்தன்மை ஏறின செம்மண்ணில் அது கரைஞ்சு போயிடும். மரத்துக்கு அமிர்தமா இருந்த மண் எலும்புக்கு விஷம். தமிழ்நாட்டோட பெரும்பகுதி செம்மண் நிலத்தில் பழைய எலும்பு அரிதாக இருக்கிறதுக்கு இதுவே பெரிய காரணம்.

இன்னும் கொஞ்சம் கிழக்கே, புதுச்சேரிப் பக்கம் போனா வழுதாவூர், சேதராப்பட்டு. இங்கே மண்ணுக்குக் கீழே வேற ஒரு உலகம்: டைனோசர் காலத்தோட கடைசிக் கட்டத்துக் கடல்தரை. 1840-களில் சி. டி. கே, புரூக் கன்லிஃப்ன்னு இரண்டு பேர், மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரிகள், புதுச்சேரியிலும் திருச்சி, விருத்தாசலம் பக்கத்திலும் சிப்பிகளும் சுருள் சுருளான அம்மோனைட்டுகளும் சேகரிச்சாங்க. வரி வசூல், வழக்கு விசாரணைன்னு இருக்கிற உத்தியோகம். ஓய்வு நேரத்தில் கிணறு தோண்டின மண்ணைக் கிளறினாங்க. அவங்க அனுப்பின பெட்டியை லண்டனில் எட்வர்ட் ஃபோர்ப்ஸ் பிரிச்சு ஆராய்ந்து, 1846-ல் விரிவான அறிக்கை வெளியிட்டார். தென்னிந்தியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஒரே காலத்துக் கடல்கள் இருந்தன என்று கல்லை வச்சே காட்டின வேலை அது. வழுதாவூர் பேர் இன்னைக்கும் ஒரு பாறை அடுக்கோட பேராப் புவியியல் புத்தகங்களில் இருக்கு. சேதராப்பட்டில் இப்போ தொழிற்பேட்டை இருக்கு.

ஆனா அங்கேயும் பாலூட்டி இல்லை. அது கடல். ஆக செஞ்சியிலிருந்து கடல் வரைக்கும் ஒரு ஆற்றோட போனா மூணு விதமான காலம் கிடைக்குது, மூணிலும் நாம தேடற எலும்பு கிடையாது. அதைத் தேடினவங்க வடக்கே போகணும்.

*

எலும்பு சேகரிக்கிற பொழுதுபோக்குக்கு இந்தியாவில் ஒரு பொற்காலம் உண்டுன்னா அது 1830-கள், இடம் இமயத்தோட அடிவாரம், சிவாலிக் குன்றுகள். ஹ்யூ ஃபால்கனர் ஒரு டாக்டர், சஹாரன்பூர் தாவரத் தோட்டத்துக்குப் பொறுப்பாளர். ப்ரோபி காட்லி வாய்க்கால் வெட்டற இன்ஜினியர். பிற்பாடு கங்கைக் கால்வாயைக் கட்டினவர் இவர்தான். இரண்டு பேருக்கும் எலும்பு சம்பளம் கிடையாது. குன்றுகளில் எலும்பு கொட்டிக் கிடக்குதுன்னு தெரிஞ்சதும் பைத்தியம் பிடிச்ச மாதிரி சேகரிச்சாங்க. ஒரு தடவை ஃபால்கனர் ஆறு மணி நேரத்தில் முந்நூறுக்கு மேலே துண்டுகள் எடுத்ததா எழுதி வச்சிருக்கார்.

ஆனா எடுக்கிறது சுலபம். அந்த எலும்பு யாரோடதுன்னு சொல்றதுதான் கஷ்டம். அவங்க இருந்த இடத்தில் நூலகம் இல்லை, ஒப்பிட்டுப் பார்க்க அருங்காட்சியகம் இல்லை. பாரிஸில் குவியே மாதிரி ஆளுக்கு அறை அறையா எலும்புக்கூடு இருந்தது. சஹாரன்பூரில் என்ன இருந்தது? காடு இருந்தது. புலி, எருமை, மான், முதலைன்னு வேட்டையாடி, சதையை நீக்கி, எலும்புக்கூட்டைக் கோத்து வச்சுக்கிட்டாங்க. கல்லாகிப் போன தாடை ஒன்று வந்தா, அந்தக் கூடுகளோட பக்கத்தில் வச்சு ஒவ்வொரு மேடு பள்ளமாப் பார்த்தாங்க. இன்னைக்கு அந்த வேட்டையைக் கேட்டா நமக்கு வயித்தைக் கலக்கும். ஆனா முறை இன்னைக்கும் அதேதான்: தெரிஞ்ச எலும்பை வச்சுத்தான் தெரியாத எலும்பை அடையாளம் காண முடியும்.

அப்படித்தான் 1836-ல் ஒட்டகச்சிவிங்கிக்கு உறவான, தலையில் பெரிய கொம்பு வச்ச, யானை மாதிரி கனமான ஒரு விலங்குக்கு 'சிவதேரியம்'னு பேர் வச்சாங்க. சிவனோட விலங்கு. அந்தக் குடும்பத்தில் பின்னாடி பிரம்மதேரியமும் விஷ்ணுதேரியமும் சேர்ந்துச்சு, மும்மூர்த்தியும் முழுமையாச்சு. 1837-ல் லண்டன் புவியியல் கழகம் தன்னோட உயர்ந்த வொல்லஸ்டன் பதக்கத்தை இரண்டு பேருக்கும் சேர்த்துக் கொடுத்தது. பதக்கப் பட்டியலில் இல்லாத ஆட்கள் நிறைய. அந்தக் குன்றுகளில் எலும்பு இருக்குன்னு தலைமுறை தலைமுறையாத் தெரிஞ்சு வச்சிருந்த கிராமத்து மக்கள், கூடையில் அள்ளிச் சுமந்து வந்த கூலிகள். நாஹன் ராஜா யானைப் பல் ஒன்றைப் பரிசாக் கொடுத்ததைப் பதிவு பண்ணினாங்க, ராஜா என்பதால். கூலியோட பேரை யாரும் பதிவு பண்ணலை.

*

இப்போ தெற்கே திரும்பலாம். தென்னிந்தியாவில் இந்த வேலையைச் செய்தவர் ராபர்ட் புரூஸ் ஃபுட். பேர் கேட்ட மாதிரி இருக்கா? 1863 மே 30, பல்லாவரத்தில் ஒரு கற்கோடரியைக் குனிஞ்சு எடுத்து, இந்தியாவில் பழைய கற்கால மனிதன் இருந்தான்னு காட்டினவர். 1858-ல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். பாறை வரைபடம் போடறதுதான் அவரோட அலுவல். கற்கருவியும் எலும்பும் அவருக்குச் சொந்த ஆசை.

நம்ம ஊர்க்காரங்களுக்கு ஒரு உபரித் தகவல். ஃபுட்டோட மாமனார் பீட்டர் பெர்சிவல். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம் நடத்தி, ஆறுமுக நாவலரோட உதவியில் பைபிளைத் தமிழில் மொழிபெயர்த்து, அப்புறம் சென்னைக்கு வந்து 'தினவர்த்தமானி' பத்திரிகை நடத்தினவர். தமிழ்ப் பழமொழிகளை ஆயிரக்கணக்கில் தொகுத்தவரும் அவர்தான். மாமனார் பழமொழி சேகரிக்கிறார், மாப்பிள்ளை கல் சேகரிக்கிறார். அந்தக் குடும்பத்துச் சாப்பாட்டு மேசையில் என்ன பேசியிருப்பாங்கன்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆவல்.

கர்னூல் மாவட்டத்தில், பேத்தம்செர்லா பக்கத்தில், பில்லசுர்கம்னு சுண்ணாம்புக் குகைகள் இருக்கு. 1844-ல் கேப்டன் நியூபோல்ட் அங்கே விலங்கு எலும்பு கிடைச்சதை எழுதினார். அப்புறம் சுமார் நாற்பது வருஷம் அந்தத் தகவல் காகிதத்திலேயே தூங்கிச்சு. பிறகு தாமஸ் ஹக்ஸ்லி, டார்வினுக்காகச் சண்டை போட்ட அதே ஹக்ஸ்லி, சென்னை கவர்னர் கிராண்ட் டஃப்கிட்ட அந்தக் குகைகளைத் தோண்டச் சொல்லி வலியுறுத்தினார். அங்கே ஆதிமனிதனோட எலும்பு கிடைக்கலாம்னு அவருக்கு ஒரு நம்பிக்கை. வேலை ஃபுட்கிட்ட வந்தது. 1883-ல் அவர் போய்ப் பார்த்தார். அடுத்த பருவத்தில் தோண்டற வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர் அவரோட மகன் ஹென்றி, பீரங்கிப் படையில் லெப்டினன்ட். மாமனார் வழி, அப்பா வழி இரண்டிலும் சேகரிக்கிற புத்தி இருக்கிற பையன்.

கர்னூல் எலும்புக்கு ஏன் இடம் கொடுத்தது, திருவக்கரை ஏன் கொடுக்கலை? மறுபடியும் வேதியியல்தான். சுண்ணாம்புக் குகையில் கசியற தண்ணீரில் கால்சியம் நிறைஞ்சிருக்கும். அது எலும்பைக் கரைக்காது. உள்ளே படிஞ்சு காப்பாத்தும். அதோட குகைன்னா ஆந்தை எலியைத் தின்னுட்டு எலும்பைத் துப்பும், கழுதைப்புலி இரையை இழுத்துட்டு வரும், முள்ளம்பன்றி எலும்பைக் கொறிக்கக் கொண்டு வரும். ஆயிரக்கணக்கான வருஷம் இந்த மூணு பேரும் சேர்ந்து ஒரு அருங்காட்சியகத்தை நிரப்பியிருக்காங்க. ஒரு குகைக்கு ஃபுட் வச்ச பேரே பிணக்கிடங்கு என்கிற அர்த்தத்தில்தான்.

அப்பாவும் மகனும் ஒரு விஷயத்தைச் சரியாச் செய்தாங்க. எலும்பை மூட்டையாக் கட்டலை. எந்தக் குகை, மேலேயிருந்து எத்தனை அடி ஆழம், எந்த மண் அடுக்குன்னு பிரிச்சுக் குறிச்சாங்க. எலும்பை மண்ணிலிருந்து வெளியே எடுக்கிறதே ஒரு கலைங்க. குகை மண் ஈரம். எலும்பு அதுக்குள்ளே இருக்கிற வரைக்கும் நல்லா இருக்கும். வெயிலில் வச்சா ஒரு மணி நேரத்தில் விரிசல் விட்டுப் பொடியாகும். அதனால நிழலில் மெதுவா உலர்த்தணும். பிறகு மெல்லிய பசை நீரை ஊட்டி இறுக்கணும். அந்தக் காலத்தில் எலும்பு, தோலைக் காய்ச்சின வஜ்ஜிரத்தை நீர்க்கக் கரைச்சுப் பூசுவாங்க. இப்போ அசிட்டோனில் கரையற ஒரு வகை அக்ரிலிக் பிசின். பசை எதுவானாலும் விதி ஒண்ணுதான்: நாளைக்கு இன்னொருத்தர் வந்து கழற்றணும்னா கழற்ற முடியணும். பெரிய எலும்புன்னா ஈரக் காகிதம் சுத்தி, மேலே பாரிஸ் சாந்தில் தோய்ச்ச சாக்குத் துணியால மாவுக்கட்டுப் போட்டு, அப்படியே மண்ணோட தூக்குவாங்க. கை உடைஞ்சா டாக்டர் போடறாரே, அதே மாவுக்கட்டு. அறைக்குக் கொண்டு வந்து ஊசி, பல் டாக்டர் வச்சிருக்கிற கொக்கி, மெல்லிய தூரிகைன்னு வாரக்கணக்கில் மண்ணைச் சுரண்டணும்.

கர்னூல் எலும்புகளை இனம் பிரிச்சுப் பேர் சொன்னவர் ரிச்சர்ட் லிடெக்கர். 1886-ல் அறிக்கை வந்தது. அதில் கர்னூல் பேரையே தாங்கின ஒரு காண்டாமிருகம் இருந்தது. பபூன் குரங்கு, புள்ளிக் கழுதைப்புலி, ராட்சத எறும்புத்தின்னின்னு இன்னைக்கு பெரும்பாலும் ஆப்பிரிக்காவில் வாழற விலங்குகளோட பேர்களும் இருந்தன. தக்காணத்தில் ஆப்பிரிக்கா! கேட்கவே நல்லா இருக்கு இல்லையா? ஹக்ஸ்லி எதிர்பார்த்த ஆதிமனிதன் மட்டும் வரலை. எலும்பில் செதுக்கின கருவிகள்னு ஃபுட் கருதின துண்டுகள் வந்தன. அவை உண்மையிலேயே மனுஷன் செதுக்கினதான்னு பின்னாடி வந்தவங்க வாதாடினாங்க.

லிடெக்கர் சொன்ன பேர்களும் அப்படியே நிற்கலை. 1970-களிலிருந்து எம். எல். கே. மூர்த்தி, ஜி. எல். பாதாம் மாதிரியான நம்ம ஆய்வாளர்கள் கர்னூல் குகைகளுக்குத் திரும்பப் போனாங்க. 2014-ல் வந்த ஒரு சர்வதேச ஆய்வு பில்லசுர்கம் அடுக்குகளுக்குப் புது முறைகளில் காலம் கணிச்சு, இரண்டு லட்சம் வருஷமா அங்கே எந்தெந்த விலங்குகள் இருந்துச்சுன்னு வரிசைப்படுத்திச்சு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய விலங்குகள் கும்பல் கும்பலா அழிஞ்சு போன அதே காலத்தில், இந்தியத் துணைக்கண்டத்து விலங்குகள் பெரும்பாலும் தாக்குப் பிடிச்சிருக்குன்னு முடிவு வந்தது. நம்ம நீலான், நம்ம மான், நம்ம பன்றி எல்லாம் பெரிய பெரிய பஞ்சத்தையும் மழையையும் பார்த்துத் தப்பினவை. நான் கவனிக்கிறது இதைத்தான்: லிடெக்கர் சொன்ன பேர் மாறலாம், ஃபுட் சொன்ன கருவி கருவியே இல்லைன்னு ஆகலாம். எந்தக் குகை, எத்தனை அடின்னு எழுதி வச்ச குறிப்பு மட்டும் 130 வருஷம் கழிச்சும் வேலை செஞ்சுது.

*

அடையாளம் காண்றதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லணும், இதுதான் இந்தப் பொழுதுபோக்கில் ருசியான பகுதி. புதைபடிவப் பாலூட்டி ஆட்களுக்கு உயிர் பல்லில்தான். உடம்பிலேயே கெட்டியான பொருள் பல்லோட எனாமல். எல்லாம் கரைஞ்ச மண்ணிலும் அது நிற்கும். மேற்பரப்பைப் பார்த்தே ஆள் யாருன்னு சொல்லலாம். மாடு, ஆடு, மான் கடைவாய்ப் பல்லில் பிறை பிறையா எனாமல் ஓடும். குதிரைப் பல் சதுரமா, நீளமா, உள்ளே கோலம் போட்ட மாதிரி மடிப்பு மடிப்பா இருக்கும். பன்றிப் பல்லில் மேடு மேடாக் குமிழ்கள். கிட்டத்தட்ட மனுஷப் பல் மாதிரியே இருக்கும், அதனால ஏமாந்தவங்க நிறைய. யானைக்குத் தகடு தகடா அடுக்கி வச்சிருக்கும். பூனைக் குடும்பம்னா கத்தரிக்கோல்.

பழகணும்னா காட்டுக்குப் போக வேண்டாம், கறிக்கடைக்குப் போங்க. ஆட்டுத்தலை வாங்கிக் குழம்பு வச்ச பிறகு தாடையைக் கழுவிக் காய வச்சுப் பாருங்க. கால் எலும்பில் கணுக்கால் மூட்டு எலும்பைத் தேடுங்க. மேலேயும் கீழேயும் இரண்டு பக்கமும் கப்பி மாதிரிப் பள்ளம் இருக்கும். பிளவுபட்ட குளம்பு உள்ள விலங்குகளுக்கு மட்டும்தான் அந்த இரட்டைக் கப்பி. குதிரைக்கு ஒரு கப்பிதான். இந்தச் சின்ன எலும்பு ஒரு பெரிய வழக்கைத் தீர்த்து வச்சிருக்கு: 2001-ல் பாகிஸ்தானில் கால் உள்ள ஆதித் திமிங்கிலங்களோட எலும்புகள் வந்தன. கணுக்காலில் இரட்டைக் கப்பி! திமிங்கிலம் கடலுக்குப் போன குளம்பு விலங்குக் குடும்பம்னு அந்த எலும்பு சாட்சி சொல்லிச்சு.

அந்தக் கதையோட இன்னொரு பாதி இந்தியாவில் இருக்கு. ஏ. ரங்கா ராவ்னு ஒரு புவியியலாளர், காஷ்மீரில் காலாகோட் பகுதியில் எலும்பு நிறைஞ்ச பாறைகளைச் சேகரிச்சார். 1971-ல் அதில் கிடைச்ச சில பல், தாடைகளை வச்சு 'இண்டோஹ்யஸ்'னு ஒரு சின்ன விலங்குக்குப் பேர் வச்சார். மிச்சப் பாறைகள் உடைக்கப்படாம அவர் வீட்டிலேயே கிடந்தன. அவர் இறந்து போனார். பிற்பாடு அவரோட மனைவி அந்தப் பாறைகளை ஹான்ஸ் தெவிசன் என்கிற ஆய்வாளர்கிட்ட ஒப்படைச்சாங்க. அவரோட ஆய்வகத்தில் எலும்பைக் கல்லிலிருந்து பிரிச்சு எடுக்கிற உதவியாளர் கைதவறி ஒரு மண்டையோட்டோட காதுப் பகுதியை உடைச்சுட்டார். உடைஞ்ச இடத்தில் பார்த்தா, காது எலும்போட உட்பக்கம் தடிப்பா இருந்தது. அந்தத் தடிப்பு திமிங்கிலங்களோட தனி அடையாளம். 2007 டிசம்பரில் கட்டுரை வந்தது: திமிங்கிலத்துக்கு மிக நெருங்கின தரைவாழ் உறவினர், பூனை அளவில், சருகுமான் மாதிரி இருந்த இந்த இந்திய விலங்கு. வயசு 4 கோடி 80 லட்சம் ஆண்டு. முப்பது வருஷத்துக்கு மேலே வீட்டில் கல்லாக் கிடந்த பதில்!

இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு பயம் வரும். அந்த அம்மா அந்தக் கற்களைத் தூக்கி எறிஞ்சிருந்தா? வீடு காலி பண்ணும்போது பழைய சாமான்காரர்கூட எடுக்காத சாமான் அது. இன்னொரு பக்கம், அவர் சேகரிக்காம மலையிலேயே விட்டிருந்தா மழையில் கரைஞ்சு ஆற்றோட போயிருக்கும். சேகரிக்கிறவன் காப்பாத்தறானா, களவாடறானான்னு ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது. என் கணக்கு இதுதான்: எங்கே எடுத்ததுன்னு குறிப்பு இருந்து, ஒருநாள் பொதுக் கைக்கு வந்து சேர்ந்தா அது சேகரிப்பு. ஷோகேஸில் தூசி படிஞ்சு, எடுத்தவரோட ஞாபகமும் போனா, அது வெறும் கல். எடுத்த இடத்துக்கு நிரந்தர நஷ்டம்.

நம்ம மண்ணிலும் பாலூட்டி எச்சம் சுத்தமா இல்லைன்னு சொல்லிடக் கூடாது. ஃபுட் 1863-லேயே கண்டுபிடிச்ச அத்திரம்பாக்கம், திருவள்ளூர் மாவட்டம். அங்கே சாந்தி பப்பு குழுவினர் பல வருஷம் தோண்டினாங்க. கற்கருவிகளுக்கு 15 லட்சம் ஆண்டு வரைக்கும் வயசு சொன்ன அவங்க ஆய்வு 2011-ல் வந்தது. அந்தக் குழியில் ஆயிரக்கணக்கான கற்கருவிகளுக்கு நடுவே விலங்குப் பற்கள் சில கிடைச்சன. குதிரை இனம், எருமை இனம். எலும்புக்கூடு இல்லை, தாடை இல்லை. பல் மட்டும்தான் அந்த மண்ணைத் தாங்கி நின்னிருக்கு. அந்த ஒன்றிரண்டு பல்லை வச்சே அந்தக் காலத்துக் கொற்றலை ஆற்றங்கரையில் புல்வெளியும் தண்ணீரும் இருந்திருக்கணும்னு யோசிக்க முடியுது.

கடல் தாண்டினா இரத்தினபுரி. இலங்கையில் மாணிக்கக்கல் தோண்டற குழிகளில் சேற்றோட எலும்பும் பல்லும் வரும். பி. இ. பி. தெரணியகல அதையெல்லாம் தொழிலாளர்கள்கிட்டேயிருந்து சேகரிச்சு, இலங்கையில் ஒரு காலத்தில் நீர்யானையும் காண்டாமிருகமும் சிங்கமும் இருந்ததைக் காட்டினார். கல் தேடின ஆட்களுக்கு எலும்பு குப்பை. அவருக்கு அந்தக் குப்பைதான் மாணிக்கம்.

*

போன எபிசோட் முடிஞ்ச பிறகு சிலர் கேட்டிருந்தீங்க, "நாங்களும் போய்த் தேடலாமா?" என்று. தேடலாம். ஆனா திருவக்கரைப் பூங்காவிலிருந்து ஒரு சில்லுகூட எடுக்கக் கூடாது. அது பாதுகாக்கப்பட்ட இடம். "சின்னத் துண்டுதானே"ன்னு இருநூறு வருஷமா ஆளாளுக்கு எடுத்ததில்தான் பாதி போச்சு. புதைபடிவ இடங்களைப் பாதுகாக்கத் தனிச் சட்டம் வேணும்னு மத்திய சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. அதைப் படிச்சுப் பாருங்க, யாருக்கு எவ்வளவு அதிகாரம்னு ஆய்வாளர்களுக்குள்ளேயே அதில் சண்டை உண்டு.

வேற எங்கேயாவது, கிணறு வெட்டற இடத்திலோ, ஏரி தூர் வாரற இடத்திலோ, ஆற்றங்கரை இடிஞ்ச இடத்திலோ எலும்பு மாதிரி ஏதாவது கண்ணில் பட்டா முதல் வேலை போட்டோ. பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் வச்சு, நாலு பக்கமும் எடுங்க. மண் அடுக்கு தெரியற மாதிரி தள்ளி நின்னு ஒண்ணு. போனில் இடத்தோட அட்சரேகை, தீர்க்கரேகையைச் சேமிங்க. எத்தனை அடி ஆழம்னு அங்கே வேலை செய்றவங்களைக் கேளுங்க. அவங்க பேரையும் சேர்த்து எழுதிக்கோங்க, ஃபால்கனர் விட்ட இடத்தை நாமளாவது நிரப்பலாம். அப்புறம் பக்கத்து ஊர் அருங்காட்சியகத்துக்கோ புவியியல் துறை இருக்கிற கல்லூரிக்கோ அனுப்புங்க. பத்தில் ஒன்பது, போன தலைமுறையில் செத்த மாடாத்தான் இருக்கும். பரவாயில்லை, மாட்டோட கணுக்கால் எலும்பைக் கையில் பிடிச்சுப் பார்த்த லாபம் உங்களுக்கு.

ஃபுட் தன் வாழ்நாளில் சேகரிச்ச கற்கருவிகளைச் சென்னை அருங்காட்சியகம் 1904-ல் விலைக்கு வாங்கியது. எழும்பூரில் இருக்கு. அவர் 1912-ல் இறந்தார். நினைவிடம் ஏற்காட்டு தேவாலயத்தில். ஆனா செஞ்சிக்குப் போறவங்க முதல்ல திருவக்கரையில் இறங்குங்க. பஸ்ஸில் போறவங்க திண்டிவனத்திலோ மயிலத்திலோ விசாரிச்சுக்கோங்க. காலை வெயில் சாய்வா விழற நேரத்தில் கல்மரத்தோட வெட்டுமுகத்தைப் பாருங்க, வளையம் நல்லாத் தெரியும். தண்ணி பாட்டில் எடுத்துட்டுப் போங்க, நிழல் கம்மி. அங்கே இருக்கிற மரங்களில் பாதி கல்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம்.